உடையற சாமான் கடைசியில்

எங்கள் தெருவுக்குள் ஒரு பஸ் வரும் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆட்டோ வந்தாலே எதிரில் வருகிற சைக்கிள்காரர் இறங்கி சுவரோரம் ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட தெரு. அதில் பஸ்ஸா?

வந்தது. போன மாதம், ஒரு சனிக்கிழமை காலையில், பின்பக்கமாக. கண்டக்டர் தம்பி பின்னால் நின்று பஸ்ஸின் முதுகைத் தட்டித் தட்டி, "வரட்டும்... வரட்டும்... இன்னும் வரட்டும்..." என்று சொல்ல, அங்குலம் அங்குலமாக உள்ளே வந்து சேர்ந்தது. தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. நான் என் ஜன்னலில் இருந்து பார்த்தேன்.

எதற்கு பஸ்? மாக் டிரில். வெள்ள ஒத்திகை. எங்கள் தெருவின் கடைசியில் மணிமுத்தாறு. வருஷத்தில் பாதி நாள் ஆடு மேயும் ஆறுதான். ஆனால் மழைக்காலத்தில் மேலே அணையில் தண்ணீரைத் திறந்தால் அதற்கு வேறு முகம் வந்துவிடும். அப்படி ஒரு நாள் வந்தால் தெருவைக் காலி செய்து, எல்லோரையும் மேட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும். முக்கியமாக – இதுதான் விஷயம் – நடக்க முடியாதவர்கள், காது கேட்காதவர்கள், பார்வை இல்லாதவர்கள், இவர்களையெல்லாம் எப்படி பஸ்ஸில் ஏற்றுவது என்று பழக வேண்டும்.

பத்திரிகையில் என் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும்: நான் வீல்சேரில் இருப்பவள். சின்ன வயதில் போலியோ. ரொம்ப வருஷம் காலில் இரும்புக் காலிப்பரும் கக்கத்தில் கட்டையுமாக ஊரைச் சுற்றினேன். அப்புறம் தோள்பட்டை, போதும் தாயே என்று கும்பிடு போட்டது, வீல்சேருக்கு மாறினேன். அம்மா இருந்தவரை இரண்டு பேர். இப்போது நான் ஒருத்தி. சென்னையிலிருந்து தம்பி ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். மற்ற நாட்களில் போன் பண்ணுகிறவர்கள் எல்லாம் எனக்கு லோன் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள்.

ஒத்திகைக்கு முன்பு ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர். டீ குடித்தார். "உங்களை எப்படிம்மா கூட்டிட்டுப் போனா சௌகரியமா இருக்கும்?" என்று கேட்டார். நான் கொஞ்சம் திகைத்துப்போனேன். வாசலில் ஒரு சரிவு கட்டிக் கொடுத்த கொத்தனார்கூட என்னிடம் அதைக் கேட்கவில்லை. தம்பியிடம்தான் கேட்டார்.

சிரிக்காதீர்கள் – அன்றைக்கு நான் நல்ல புடவை கட்டிக்கொண்டேன். மடிப்பு கலையாமல் பீரோவில் கிடந்த கத்திரிப்பூ கலர் சுங்குடி. தலைக்குக் குளித்தேன். மாத்திரை, போன், சார்ஜர், ஒரு மாற்றுப் புடவை எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்தே தயார். வெள்ளத்துக்குக் கிளம்புகிறவள் மாதிரியா இருந்தேன்? வளைகாப்புக்குக் கிளம்புகிறவள் மாதிரி இருந்தேன். யாராவது வந்து கூட்டிப் போகப் போகிறார்கள் என்றால் மனசு அப்படித்தான் ஆகிவிடுகிறது.

கூட்டிப் போக வந்தவள் சரோஜா.

சரோஜா என் பக்கத்து வீடு. பீங்கான் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். பொம்மை, ஊறுகாய் ஜாடி, அகல் விளக்கு எல்லாவற்றையும் வைக்கோல் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கி, வேனில் ஏற்றி அனுப்புகிற வேலை. ஒரு பொம்மையின் மூக்கு உடைந்தாலும் மேஸ்திரி இவளைத்தான் கேட்பார். அதனால் சரோஜா எதைத் தூக்கினாலும் பதமாகத்தான் தூக்குவாள். குரல் மட்டும் பதம் கிடையாது. எட்டு வீட்டுக்குக் கேட்கும்.

"அக்கா, நீ ஒண்ணும் பயப்படாத. நாங்க இருக்கம்ல!"

என்னை வாசல் சரிவில் இறக்கினாள். தெரு விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, பிரேக்கைப் போட்டாள். "பைய என்கிட்ட குடுக்கா, உனக்கு எதுக்கு பாரம்?" என்று வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். வீட்டைப் பூட்டினாள். பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். எவ்வளவு பொறுப்பு!

நான் பஸ்ஸைப் பார்த்தேன். "நான் இப்ப ஏறணுமா, சரோஜா?"

"இருக்கா. மொதல்ல இந்தக் கும்பல் ஏறட்டும். உன்னைய கடைசியா ஏத்திக்கிறோம்."

"கடைசியிலா?"

"பின்ன? உடையற சாமான மொதல்ல ஏத்தினா என்னாவும்? மேல விழுந்து நசுக்கிடுவாங்க. கம்பெனியில நாங்க எப்பவும் பொம்மைப் பெட்டிய கடைசிலதான் ஏத்துவோம். மேல ஒண்ணும் வராது, பத்திரமா போவும்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. உண்மையில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. உடைகிற சாமான் என்றால் விலை உள்ள சாமான் என்றுதானே அர்த்தம்?

தெரு ஏறியது. எங்கள் தெருவில் பாதிப் பேர் ஏதாவது ஒரு வகையில் பீங்கான் கம்பெனி ஆட்கள்தான். அதனால் கடைசிக்கு ஒதுக்கி வைத்த பெட்டியை யாரும் தொடவில்லை. போகிற போக்கில் எல்லோரும் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். "பத்திரமா இருங்கம்மா" என்றார்கள். "வெயில் படுதா?" என்று கேட்டு ஒருவர் வண்டியைக் கொஞ்சம் நிழலுக்குத் தள்ளிவிட்டுப் போனார். குழந்தைகள் ஏறின. குழந்தைகளைத் தேடி அம்மாக்கள் ஏறினார்கள். ஒரு மிக்ஸி ஏறியது. முன்பக்கத்து சீட்டுகளில் 'மாற்றுத்திறனாளிகளுக்கு' என்று பேப்பர் ஒட்டியிருந்தது. அந்தப் பேப்பர் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஒத்திகைதானே?

சரோஜா கடைசியாகப் படியில் நின்று, கூட்டத்தை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். "உள்ள போ... உள்ள போ... அக்கா ஏறணும்!" பின்னாலிருந்து நாலு பேர் வந்து அவளையும் சேர்த்து உள்ளே தள்ளினார்கள். அதற்குப் பிறகு அவளுடைய குரல்கூட எனக்குக் கேட்கவில்லை.

கண்டக்டர் தம்பி எட்டிப் பார்த்தான். படிவரை ஆள். அவன் கணக்கில் வண்டி ஃபுல். இரண்டு விசில்.

பஸ் கிளம்பியது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? நான் கை ஆட்டினேன். ஆமாம், டாட்டா காட்டினேன்! கொஞ்சம் முன்னால் போய், சரியாக நிறுத்தி, என்னை ஏற்றிக்கொள்ளப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெருமுனை திரும்பி, சத்தம் தேய்ந்து, புகை அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் புரிந்தது. என் பை போய்விட்டது. அதில் இருந்த போன் போய்விட்டது. மாற்றுப் புடவையும் மாத்திரையும் வீட்டுச் சாவியும் பத்திரமாக மேட்டுக்குப் போய்விட்டன. என் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் வெள்ளத்திலிருந்து காப்பாற்றிவிட்டார்கள் – என்னைத் தவிர.

ஒரு தெரு முழுக்க ஆளில்லாமல் நீங்கள் பார்த்ததுண்டா? நான் இத்தனை வருஷமாக இந்தத் தெருவில் இருக்கிறேன், அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏதோ ஒரு வீட்டில் மிக்சர் தட்டு வாசலிலேயே கிடந்தது. காகம் வந்து சாவகாசமாகச் சாப்பிட்டது. கொடியில் துணி ஆடியது. ஒரு கோழி நடுத்தெருவில் நின்று என்னை ஒரு கண்ணால் பார்த்தது. யாரோ அணைக்க மறந்த டிவியில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அவளாவது இருக்கிறாளே என்று இருந்தது.

கண் மட்டும் திரும்பத் திரும்பத் தெருவின் கடைசிக்கே போனது. ஆற்றுப் பக்கம். அன்றைக்கு அங்கே தண்ணீர் இல்லை, மணல்தான். ஆனால் இது நிஜமாக இருந்தால்? தண்ணீர் முதலில் அந்த மின்சார டிரான்ஸ்ஃபார்மர் மேடையைத் தொடும். அப்புறம் கோயில் படி. அப்புறம் என் சக்கரம். வீட்டுக்குள் போகலாம் என்றால் பூட்டு. அந்தப் பூட்டை நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நான்தான் சரோஜாவிடம் சொல்லி நல்ல பூட்டாக வாங்கியது.

பயமா? பயம் கொஞ்சம்தான். அதைவிடப் பெரியதாக வேறு ஒன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. தனியாக இருப்பது எனக்குப் பழக்கம். வீட்டுக்குள் தனியாக இருக்கலாம், அதற்குக் கதவு இருக்கிறது, சாத்திக்கொள்ளலாம். நட்டநடுத் தெருவில், நல்ல புடவை கட்டிக்கொண்டு, தனியாக இருப்பது இருக்கிறதே... அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அப்போது எதிர் வீட்டுச் சந்திலிருந்து மாணிக்கம் வந்தார்.

மாணிக்கம் எதிர் வீட்டுக்காரரின் தம்பி. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சு வராது. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். அதில் பொம்மை அச்சுகளில் களிமண் கூழை ஊற்றி, காயவைத்து, கம்பெனிக்குக் கொடுக்கிறார். ஒத்திகை பற்றி ஆட்டோவில் மைக் கட்டி மூன்று நாளாக அலறினார்கள். மாணிக்கத்துக்கு அது எப்படிக் கேட்கும்? அண்ணன் குடும்பம், இவர் கம்பெனிக்குப் போயிருப்பார் என்று நினைத்து பஸ் ஏறிவிட்டது. இவர் ஷெட்டில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து தெருவைப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். முழங்கை வரை வெள்ளையாகக் களிமண். இரண்டு கையையும் விரித்தார் – எங்கே எல்லாரும்?

நான் ஸ்டியரிங் பிடித்துக் காட்டினேன். கையை மேட்டுப் பக்கம் வீசினேன். போயிட்டாங்க.

அவர் கொஞ்சம் யோசித்தார். தன்னைச் சுட்டினார். என்னைச் சுட்டினார். இரண்டு விரலைக் காட்டினார்.

நாம ரெண்டு பேரா?

நான் தலையை ஆட்டினேன். சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. யாருக்காகப் பஸ் வந்ததோ அந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டு, கால் உள்ளவர்களும் காது உள்ளவர்களும் தப்பித்துப் போயிருந்தார்கள்.

மாணிக்கம் கை கழுவிவிட்டு வந்தார். வெயில் திரும்பியிருந்தது, என் வண்டியைத் தன் வீட்டு நிழலுக்குத் தள்ளினார். உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். பிடி உடைந்த பீங்கான் கப். எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் முழுக் கப் இருக்காது, அதெல்லாம் வெளியூருக்கு. அவர் படியில் உட்கார்ந்தார். நான் வண்டியில். இத்தனை வருஷம் எதிரெதிர் வீடு. ஒரு வார்த்தை பேசினதில்லை. அவருக்குப் பேச முடியாது என்பது அவருடைய காரணம். எனக்கு என்ன காரணம்?

டீயில் சர்க்கரை ஜாஸ்தி. சொல்லவில்லை, குடித்துவிட்டேன்.

இதற்கிடையில் பள்ளிக்கூடத்தில் ஒத்திகை வெற்றிகரமாக முடிந்து, போட்டோவுக்கு ஏற்பாடு நடந்ததாம். அதிகாரி கேட்டிருக்கிறார்: "வீல்சேர்ல இருப்பாங்களே, அந்த அம்மாவ முன்னாடி வரச் சொல்லுங்க." எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். எல்லோரும் வேறு யாரோ என்னை ஏற்றியதாக நினைத்திருக்கிறார்கள். சரோஜா உள்ளே தள்ளப்பட்டபோது, பின்னால் இருந்தவர்கள் என்னைத் தூக்கி ஏற்றிக்கொள்வார்கள் என்று நினைத்தாளாம். அதிகாரி கேட்டதும் கை தானாக இடுப்புக்குப் போய்ச் சாவியைத் தொட்டிருக்கிறது.

ஆட்டோவில் வந்து இறங்கினாள். அழுதுகொண்டே திட்டினாள். முதலில் தன்னை, அப்புறம் தெருவை, அப்புறம் கண்டக்டரை. கடைசியில் என்னை.

"நீ ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதாக்கா? 'ஏய் சரோஜா'ன்னு ஒரு சத்தம்! கை ஆட்டிக்கினு இருந்தியாமே! பின் சீட்டுல இருந்த புள்ளைங்க சொல்லுதுங்க, 'அத்தை எங்களுக்கு டாட்டா காட்டினாங்க'ன்னு!"

ராத்திரி படுத்த பிறகும் அதுவே ஓடியது. ஏன் சத்தம் போடவில்லை?

யோசித்துப் பார்த்தால், என் வாயில் அதிகமாக வந்த வாக்கியம் ஒன்று உண்டு. "நீங்க போங்க, நான் அப்புறமா வரேன்." கல்யாண வீட்டில் பந்தி போட்டதும் சொல்வேன், ஆளுக்கு முன்னால் வண்டியை உருட்டிக்கொண்டு போய் இடத்தை அடைக்கக் கூடாது. பழமலைநாதர் கோயிலில் தேர் இழுக்கும்போது சொல்வேன். பஸ் ஸ்டாண்டில் கட்டையோடு நின்ற காலத்தில் எத்தனை பஸ்ஸுக்குச் சொல்லியிருப்பேன்! சொல்லச் சொல்ல எல்லோருக்கும் என்மேல் பிரியம்தான் கூடியது. தொந்தரவே இல்லாத மனுஷி. அந்த நல்ல பெயரை நான் ரொம்ப அருமையாகக் காப்பாற்றி வந்திருக்கிறேன். கம்பத்தடியில் உட்கார்ந்திருந்ததும் அந்தப் பெயரோடுதான்.

மறுநாள் அதிகாரி வருத்தம் தெரிவிக்க வந்தார். திரும்ப டீ. நான் கேட்டேன்: "இன்னொரு தடவை பஸ் கிடைக்குமா?"

அவர் தயங்கினார். ஒத்திகை முடிந்துவிட்டதே என்றார். "எனக்கு முடியலைங்க" என்றேன். அவர் டீயைக் கீழே வைத்தார். "கேட்டுப் பாக்கறேம்மா" என்றார். கேட்டார் என்பதுதான் ஆச்சரியம்.

இரண்டாவது ஒத்திகையில் நான்தான் முதலில்.

முதலில் ஏறுவது அவ்வளவு சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். பஸ்ஸின் முதல் படி என் முழங்காலுக்கு மேலே இருந்தது. கம்பெனியில் வேனுக்குப் போடுகிற பலகையைக் கொண்டுவந்து சாய்த்தார்கள். பலகை சரி, சக்கரமும் ஏறியது, வாசலில் நடுவே நின்ற கம்பி வழிவிடவில்லை. பஸ் செய்தவர்கள் என்னை நினைத்துச் செய்யவில்லை. திரும்ப இறக்கினார்கள். கடைசியில் சரோஜாவும் பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் இரண்டு பேரும் என்னைத் தூக்கினார்கள். வண்டியை மடித்து டிரைவருக்குப் பின்னால் சொருகினார்கள்.

இதற்குள் தெரு வெயிலில் நின்றது. எனக்காக. ஒருவர் வாட்ச் பார்த்தார். ஒருவர், "இப்படி ஒவ்வொருத்தரா ஏத்திக்கினு இருந்தா ஆறு வந்துடும்" என்றார். காதில் விழுந்தது. வழக்கமாக இந்த இடத்தில்தான் நான், "நீங்க போங்க" என்று சொல்வேன். நாக்கின் நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சரோஜா தூக்கியபோது என் கை அவள் கழுத்தைச் சுற்றி இருந்தது. அவள் புடவையில் வைக்கோல் வாசனை. அம்மா போன பிறகு என்னை யாரும் அப்படி இறுக்கிப் பிடித்ததில்லை. கை கொடுப்பார்கள், வண்டியைத் தள்ளுவார்கள், தோளைத் தட்டுவார்கள். ஒரு உடம்பு இன்னொரு உடம்பைத் தாங்குவது வேறு. சீட்டில் உட்கார வைத்துவிட்டு அவள் விலகியபோது அவள் புடவைத் தலைப்பை நான் இன்னும் பிடித்திருந்தேன். "எங்கனா அடிபட்டுச்சாக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

மாணிக்கத்துக்கும் ஒரு வழி செய்தோம். அவர்தான் காட்டினார். சந்து முனையில், சுவரில், அவருடைய ஷெட் லைட்டுக்கு ஒரு ஸ்விட்ச் உண்டு. அதை இரண்டு தரம் அணைத்துப் போட்டால் அவர் வெளியே வந்துவிடுவார். அண்ணன் வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவது அப்படித்தானாம். அந்தப் பொறுப்பு சரோஜாவுக்கு. ஒத்திகையில் கச்சிதமாக நடந்தது. மாணிக்கம் வந்து ஏறி, எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு விரலைக் காட்டினார்.

போன வாரம் நிஜ மழை வந்தது.

விடாமல் கொட்டியது. மத்தியானமே வீட்டுக்குள் இருட்டு. மைக் ஆட்டோ வந்தது, அணையைத் திறந்துவிட்டார்கள், கிளம்புங்கள் என்றது. தெருக் கடைசியில் எட்டிப் பார்த்தவர்கள் ஓடி வந்தார்கள் – டிரான்ஸ்ஃபார்மர் மேடையைத் தண்ணீர் தொட்டுவிட்டதாம். நான் நினைத்துவைத்த அதே வரிசை!

பஸ் பின்பக்கமாக வந்தது. கூட்டம் பாய்ந்தது. ஒத்திகையில் நின்ற கூட்டம் இல்லை இது, பயந்த கூட்டம். சரோஜா வாசற்படியில் கையை விரித்துக்கொண்டு நின்று கத்தினாள் பாருங்கள்...

"வழி வுடுங்க! உடையற சாமான் மொதல்ல!"

வழி விட்டார்கள். நனைந்த கைகள் என்னைத் தூக்கின. டிரைவருக்குப் பின்னால், முதல் சீட்டில், நான். ஒரு நிமிஷம் அந்தப் பெரிய பஸ்ஸுக்குள் நான் மட்டும். மழை கூரையில் அடித்தது. அப்புறம் எல்லோரும் வந்து விழுந்தார்கள்.

நிரம்பியது. படிவரை ஆள். கண்டக்டர் தம்பி, அதே தம்பிதான், விசிலை வாய்க்குக் கொண்டுபோனான். நான் திரும்பிப் பார்த்தேன். என் பின் சீட்டில் யாரோ ஒரு பெண், மடியில் குழந்தை.

"மாணிக்கம் எங்கே?"

யாருக்கும் கேட்கவில்லை. சரோஜா கூட்டத்துக்குள் எங்கோ இருந்தாள். விசில் உதட்டைத் தொட்டுவிட்டது.

நான் கத்தினேன். ஐம்பத்தாறு வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு பொது இடத்தில், தொண்டை கிழிய. "நிறுத்துங்க! இன்னும் ஒருத்தர் வரணும்!" கத்தினதோடு விடவில்லை. கையை நீட்டி அந்தத் தம்பியின் விசில் கயிற்றைப் பிடித்துவிட்டேன்.

"அம்மா, வுடுங்க! தண்ணி ஏறுதும்மா!"

"ஏறட்டும். அவர் வராம பஸ் எடுக்கக் கூடாது."

"யாரும்மா?"

"மாணிக்கம்! சரோஜா, மாணிக்கம் எங்கடி?"

நடுவிலிருந்து குரல் வந்தது. "வரலயா? நான் லைட்ட போட்டு அணைச்சனேக்கா! ரெண்டு தபா..." பாதியில் நின்றது. "ஐயோ... கரண்டு இல்லியேக்கா!"

மழை பிடித்த உடனே கரண்டை நிறுத்திவிட்டார்கள். அந்த அவசரத்தில் அது அவள் மண்டையில் ஏறவில்லை. ஸ்விட்ச் சந்து முனையில், பல்பு பின்பக்க ஷெட்டில். எரிந்ததா இல்லையா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அண்ணன் வீட்டார் முதல் நாளே சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

சரோஜா ஆட்களை இடித்துக்கொண்டு இறங்கி ஓடினாள். கணுக்கால் அளவு தண்ணீர் தெருவில் ஓடியது. பஸ்ஸில் முணுமுணுப்பு. பின்னாலிருந்து ஒருவர், "ஒரு ஆளுக்காக எல்லாரும் சாவறதா?" என்றார். நான் கயிற்றை விடவில்லை. கண்டக்டர் தம்பி என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "டிரைவரண்ணே, இருங்க... ஒரு டிக்கெட் பாக்கி" என்றான்.

வந்தார்கள். மாணிக்கம் ஷெட்டில் மெழுகுவத்தி வெளிச்சத்தில், அச்சுகளைத் தண்ணீர் படாமல் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தாராம். அவருக்கு வெளியே ஒரு உலகம் ஓடிக்கொண்டிருந்ததே தெரியாது. படியில் தொற்றி ஏறினார், முழங்கை வரை களிமண், மழையில் வெள்ளையாக ஒழுகியது. முதல் சீட்டில் என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த விசில் கயிற்றைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, ஒன்றும் சைகை காட்டவில்லை. ஈரக் கையை என் தலைமேல் ஒரு நொடி வைத்து எடுத்தார்.

கயிற்றை விட்டேன். இரண்டு விசில்.

தண்ணீர் இந்த முறை என் வாசல் சரிவு வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. மாணிக்கத்தின் ஷெட்டில்தான் இடுப்பளவு. மூன்றாம் நாள் எல்லோரும் வீடு திரும்பினோம். பள்ளிக்கூடத்தில் ஒரே ஹாலில், பாய் மேல் பாயாக, குறட்டையும் குழந்தை அழுகையுமாகக் கிடந்துவிட்டு வந்தால், என் வீட்டு அமைதி காதை அடைத்தது. சரோஜா சேறு கழுவிக் கொடுத்துவிட்டு, "கதவ சாத்திக்கக்கா" என்று போனாள். சாத்திக்கொண்டேன். பழையபடி நான், நாற்காலி, ஃப்ரிட்ஜின் முனகல். ஒரு வெள்ளம் வந்து போனால் தனிமையும் அடித்துக்கொண்டு போகும் என்று யார் சொன்னது?

விளக்கு வைக்கிற நேரம். ஜன்னல் பக்கம் போனேன். எதிர் வீட்டு வாசலில் மாணிக்கம் நிற்பது தெரிந்தது. வீட்டு வாசல் லைட் இரண்டு தரம் அணைந்து எரிந்தது.

சாப்பிடக் கூப்பிடுகிறாரா? யாரை? அண்ணன் குடும்பம் இன்னும் ஊர் திரும்பவில்லை. தெருவில் வேறு யாரும் இல்லை. எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வண்டியை ஸ்விட்ச் போர்டுக்குத் திருப்பினேன். என் வாசல் லைட்டை அணைத்தேன், போட்டேன். அணைத்தேன், போட்டேன்.

தினமும் நடக்கிறது இப்போது. வேறு பேச்சு கிடையாது. இருக்கேன் என்று சொல்ல, இதற்கு மேல் என்னங்க வேண்டும்?